கோபத்தோடு ஊட்டும் கஞ்சி கணக்கில் சேருமா?

கேள்வி:

அக்கா, நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைப் பங்கைச் சேர்ந்தவள். வயது 41. கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் வீட்டில் இருக்க மாட்டார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அவருக்கு வயது 74. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். நாத்தனார் சென்னையில் இருந்து வீடியோவில் கூப்பிட்டு, இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்வார். முன்பெல்லாம் பாடகர் குழுவில் இருந்தேன். வின்சென்ட் தே பவுல் சபையோடு மாதம் ஒருமுறை முதியோர் இல்லத்துக்கும் போவேன். இப்போது ஞாயிறு பூசைக்கே போக முடிவதில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி, மூன்றாவது தடவையாகத் துணி மாற்றும்போது அவர் கத்திக்கொண்டே என்னைத் தள்ளினார். நான் அவர் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். அவர் அழுதார். 'ஆண்டவரே, இவரைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்' என்று மனதுக்குள் சொன்னேன். அடுத்த வாரம் சொந்தக்காரர் கல்யாணப் பூசையில் பவுலடியாரின் வாசகம்: உள்ளதையெல்லாம் வாரிக் கொடுத்தாலும் அன்பு இல்லையென்றால் ஒரு பயனும் இல்லை. எனக்காகவே வாசித்தது போல இருந்தது. ஊரில் எல்லோரும் என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். கோபத்தோடு ஊட்டுகிற கஞ்சி ஆண்டவர் கணக்கில் சேருமா அக்கா? ஒரே ஒரு மாதம் அவரைச் சகோதரிகள் நடத்தும் இல்லத்தில் விட்டுவிட்டுத் தூங்க வேண்டும் போல இருக்கிறது. அது பாவமா?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் அந்தக் கையைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் இழுத்தது வலது கையா, இடது கையா?

வலது கை என்றால், நாளைக்கே அவருடைய தோள்பட்டையைப் பாருங்கள். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடும். கையின் பாரமே மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினாலும் திருப்பினாலும் உயிர் போகிற வலி வரும். பேச முடியாதவர் அந்த வலியை எப்படிச் சொல்வார்? கத்துவார், தள்ளுவார். 'துணி மாத்தப் போனாலே ரகளை பண்றாங்க' என்று எத்தனையோ வீடுகளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பிடிவாதம் ஒன்றும் இருக்காது, தோள் வலியாக இருக்கும். உங்கள் மாமியார் துணி மாற்றும் நேரத்தில் மட்டும் கத்துகிறாரா, மற்ற நேரமும் கத்துகிறாரா என்று இரண்டு நாள் கவனியுங்கள்.

சட்டை போடும்போது விழுந்துபோன கையை முதலில் நுழையுங்கள், நல்ல கை அப்புறம். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள், விழுந்த கை கடைசியில். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற நைட்டி இருந்தால் பாதி சண்டை குறையும். புரட்டும்போது கையைப் பிடிக்காதீர்கள். இடுப்புக்கும் தோளுக்கும் கீழே ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, அந்தத் துணியைப் பிடித்துத் திருப்புங்கள். படுத்திருக்கும்போது அந்தக் கைக்கு அடியில் எப்போதும் ஒரு தலையணை இருக்கட்டும். வலி நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்தும் பிசியோதெரபியும் இருக்கின்றன.

அன்பைப் பற்றிக் கேட்டால் இவள் நைட்டியைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். நான் சாமியார் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் செவிலியராக இருந்தவள். இப்போது பங்கு பங்காகப் போய், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால், எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வது அன்பின் பெரும்பகுதி. அது மனதில் சுரந்துகொண்டே இருக்க வேண்டிய ஒன்று என்று நீங்கள் நினைப்பதால்தான், இல்லையே இல்லையே என்று தேடித் தவிக்கிறீர்கள்.

அந்த வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 13ஆம் அதிகாரம். பயனில்லை என்ற இடத்தில் உங்கள் காது அடைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த வரிகளை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அன்பு என்றால் என்ன என்று பவுலடியார் அங்கேதான் சொல்கிறார். பொறுத்துக்கொள்ளும், நன்மை செய்யும், தன்னலம் தேடாது, எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். அவர் எழுதிய கிரேக்க மொழியில் இவை எல்லாமே வினைச்சொற்கள். உள்ளம் உருகும், நெஞ்சு நெகிழும் என்று அந்தப் பட்டியலில் ஒன்றுகூடக் கிடையாது. அன்பு என்பது அடுத்தவருடைய நன்மையை விரும்புவது என்றுதான் புனித தாமஸ் அக்குவினாசும் சொன்னார். மூன்று வருடமாக மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரியில் மூன்று தடவைகூட எழுந்து துணி மாற்றுகிறீர்களே, அவருடைய நன்மையை விரும்பாத ஒருத்தி அதைச் செய்வாளா?

குழந்தை தெரசம்மாளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரோசாப்பூவும் சிலுவையும் கையில் வைத்துக்கொண்டு நம் கோயில்களில் நிற்கிறாரே, அவர்தான். அந்தச் சுரூபத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் எப்போதும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தவர் என்று நமக்கு ஒரு நினைப்பு. அவரே எழுதி வைத்ததைக் கேளுங்கள். 1888இல் 15 வயதில் பிரான்சில் லிசியூ நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்கிறார். அங்கே செயின்ட் பியேர் என்று ஒரு வயதான சகோதரி. மூட்டு நோயால் நடக்க முடியாதவர், யார் என்ன செய்தாலும் குறை சொல்பவர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஜெபத்திலிருந்து ஒருவர் எழுந்து அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கிழவியைத் திருப்திப்படுத்துவது நடக்கிற காரியமில்லை என்று தெரிந்திருந்ததால், நான் வருகிறேன் என்று முன்வரத் தனக்குக் கஷ்டமாக இருந்தது என்று தெரசம்மாள் ஒளிக்காமல் எழுதுகிறார்.

முன்வந்த பிறகும் சும்மா இல்லை. அந்த வயதான சகோதரி மணல் கடிகாரத்தை ஆட்டினால், புறப்படு என்று அர்த்தம். முக்காலியை இப்படித்தான் தூக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வர வேண்டும். கொஞ்சம் வேகமாகப் போனால், என்னை உடைத்துவிடுவாய் என்று சத்தம். மெதுவாகப் போனால், உன் கையே தெரியவில்லை, விட்டுவிட்டாய், விழப்போகிறேன், நீ சின்னப் பெண், உன்னால் முடியாது என்று அப்போதே சொன்னேன். உட்கார வைத்த பிறகு சட்டைக் கையை ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடித்துவிட வேண்டும். இதெல்லாம் முடிந்தால் போகலாம். கொஞ்ச நாளில் தெரசம்மாள் ஒன்றைக் கவனித்தார். அந்தச் சகோதரிக்கு ரொட்டியை வெட்டக் கை வரவில்லை. யாரும் கேட்காமலே அதை வெட்டிக் கொடுத்துவிட்டு, போகும்போது ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போனார். கிழவியின் மனம் அதில்தான் இளகியது.

நான் இதை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு வார்டில் நடப்பது போல அப்படியே இருக்கிறது. திருச்சபையின் மறைவல்லுநர்களில் ஒருவராக வைத்து நாம் கொண்டாடுகிற பெண், சேவை செய்ய மனம் வராமல் எழுந்திருக்கிறார். மனம் வந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து போய், பக்கத்தில் நின்று, அந்தக் கையைப் பார்த்ததால் ரொட்டி வெட்ட முடியாததும் தெரிந்தது. உங்கள் மாமியாருடைய தோளும் அப்படித்தான். பக்கத்தில் நிற்கிற ஒருத்திக்குத்தான் அது தெரியவரும்.

சரி, அன்றைக்கு நீங்கள் கையை இழுத்தது? அதை ஒன்றுமில்லை என்று நான் தள்ளிவிட மாட்டேன். வலிக்கும்படி இழுத்தது தப்பு. உங்களுக்கே அது தெரியும், அதனால்தான் தூக்கம் போயிருக்கிறது. ஆனால் கோபம் வந்தது வேறு, இழுத்தது வேறு. கோபம் உடம்பில் எழுகிற ஒன்று. தூங்காத உடம்பில் இன்னும் சீக்கிரம் எழும். இழுத்ததற்கு மன்னிப்பு இருக்கிறது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். அதற்கு முன்னால் மாமியாரிடம் கேளுங்கள். வலது பக்கம் விழுந்து பேச்சுப் போனவர்களில் பலருக்கு, நாம் பேசுவது நாம் நினைப்பதைவிட அதிகமாகப் புரியும். பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, 'அத்தை, அன்னிக்கு வலிக்கும்படி இழுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க' என்று நேராகச் சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அழலாம், சம்பந்தமில்லாமல் சிரிக்கவும் செய்யலாம். பக்கவாதத்துக்குப் பிறகு அழுகையும் சிரிப்பும் அவர்கள் வசத்தில் இருப்பதில்லை. அதை உங்களுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு தடவை கை ஓங்குகிற அளவுக்கு வந்தால், அவர் கீழே விழாதபடி பக்கத்தில் தலையணை வைத்துவிட்டு, அந்த அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள். ஈரத் துணியோடு அவர் ஐந்து நிமிடம் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. நானும் அப்படி வெளியே போய் நின்றவள்தான். என் அப்பா 14 மாதம் படுக்கையில் இருந்தார். அத்தனை வருடம் ஊராருக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த நான், அவர் மூன்றாவது முறை மருந்தைத் துப்பியபோது டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அப்பா ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது புத்திமதி இல்லை, தூக்கம்.

'சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்' என்று சொன்னதற்காக நடுங்கிப் போயிருக்கிறீர்கள். எலியா இறைவாக்கினர் இதைவிட மோசமாகக் கேட்டார். அரசர்கள் முதலாம் நூல், 19ஆம் அதிகாரம். பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, ஆண்டவரே போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். ஆண்டவர் அவரைத் திட்டவில்லை, உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தூங்க விட்டார். தூதர் வந்து தட்டி எழுப்பியபோது தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாவது தடவையும் எழுப்பி, சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்றார் தூதர். அதற்குப் பிறகுதான் மலைக்குப் போகிற பேச்சே வருகிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நானே செத்துப்போனால் தேவலாம், அல்லது இவரை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அப்படிப் பேசுவது விசுவாசக் குறைவு ஆகாது.

இப்போது உங்களை ஊர் புண்ணியவதி என்பதைப் பற்றி. அந்த வார்த்தையை நான் கொஞ்சம் பயத்தோடுதான் கேட்பேன். புண்ணியவதி என்று சொல்லிவிட்டால் உதவிக்கு வர வேண்டியதில்லை. 'அவ பாத்துக்குவா' என்று எல்லோரும் நிம்மதியாகப் போய்விடலாம். உங்களுக்கும் அந்தப் பெயருக்காகவே வாயைத் திறந்து உதவி கேட்க முடியாமல் போயிருக்கும்.

தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்யும்போது ஐந்தாவது நிலையில் முழங்காலிடுகிறோமே, அங்கே என்ன நடக்கிறது? சீரேன் ஊர்ச் சீமோன் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர். அவரைப் பிடித்து, கட்டாயப்படுத்திச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். விரும்பி வந்து சுமந்தார் என்று யாரும் எழுதவில்லை. அன்றைக்கு அவர் மனதில் எரிச்சல்கூட இருந்திருக்கலாம். இருந்தாலும் இயேசுவின் தோளிலிருந்து பாரம் இறங்கியது நிஜம். இரண்டாயிரம் வருடமாக நாம் அவர் பெயரைச் சொல்லி முழங்காலிடுகிறோம். கோபத்தோடு ஊட்டிய கஞ்சியைப் பற்றிக் கேட்டீர்களே, அது மாமியாருடைய வயிற்றை நிரப்பியதா இல்லையா? பசியாய் இருந்தேன், எனக்கு உணவு கொடுத்தீர்கள் என்று மத்தேயு 25இல் ஆண்டவர் சொல்கிறார். எந்த மனநிலையில் கொடுத்தீர்கள் என்று அங்கே ஒரு கேள்வி வருவதில்லை.

ஆனால் அந்த ஐந்தாவது நிலையில் நான் அதிக நேரம் யோசிப்பது வேறு ஒன்றை. ஆண்டவரே தம்முடைய சிலுவையைத் தனியாகச் சுமக்கவில்லை, அடுத்தவர் கை வைக்க இடம் கொடுத்தார். இது உன் சிலுவை, நீதான் சுமக்க வேண்டும் என்று உங்களிடம் சொல்கிறவர்கள் அந்த நிலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏழை முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1839ஆம் வருடக் குளிர்காலம், பிரான்சில் செயின்ட் செர்வான் என்ற ஊர். ழான் ஜுகான் என்ற 47 வயதுப் பெண், வீட்டுவேலை செய்து பிழைத்தவர், பார்வையும் போய் உடம்பின் ஒரு பக்கமும் விழுந்துபோன ஒரு கைம்பெண்ணைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்து, தன் கட்டிலிலேயே படுக்க வைத்தார். கட்டிலைக் கொடுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கடுத்து அவர் செய்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. கூட இருந்த பெண்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். ஆட்கள் அதிகமானதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையேந்தினார். கேட்பதற்கு அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. 2009இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

ஆகவே நீங்களும் கேளுங்கள். 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம், ஆமாம் என்று தலையாட்டாமல், ஒரு கிழமையும் ஒரு நேரமும் சொல்லுங்கள். பக்கத்துக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் எழுந்து, 'வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அத்தை பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்தால் நான் தூங்குவேன்' என்று சொல்லுங்கள். வின்சென்ட் சபைத் தலைவரிடமும் சொல்லுங்கள். 1833இல் பாரிசில் ஓசானாம் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் அந்தச் சபையைத் தொடங்கியபோது அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலையே ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பதுதான். நீங்களும் அந்தச் சபையோடு சேர்ந்து முதியவர்களைப் பார்க்கப் போனவர்தான். இப்போது அவர்கள் பார்க்க வர வேண்டிய வீடு உங்களுடையது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்காமல் இருந்தால், ஆண்டவருக்குச் செய்கிற வாய்ப்பை அவர்களுக்கு மறுக்கிறீர்கள்.

நாத்தனாரிடம் வீடியோவில் இதைப் பேசாதீர்கள், சண்டையில்தான் முடியும். கணவர் ஊருக்கு வரும்போது மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள என்ன செலவாகும் என்று முன்பே விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஆறு மணி நேரத் தூக்கம் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது உங்களுக்கு வேண்டும் என்று ஒரு செவிலியர் சொன்னதாகச் சொல்லுங்கள். நாத்தனார் பிள்ளைகளின் லீவு நாளில் வந்து பத்து நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம். பத்து நாள் பார்த்தால் வீடியோவில் சொல்கிற ஆலோசனைகளும் தானாக மாறிவிடும்.

அரசாங்கத்திடமும் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் தொடங்கினார்களே, அதில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வருவது மட்டும் இல்லை, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, காற்று மெத்தை, குதிகாலும் பின்னிடுப்பும் சிவக்கிறதா என்று பார்ப்பது, இதையெல்லாம் வருகிற பணியாளரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது உயிர் போகிற விஷயம். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்னக் கரண்டியில், வாயின் இடது பக்கம் கொடுங்கள். தண்ணி மாதிரி இருக்கிற கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். ஊட்டி முடித்ததும் வலது கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். குடிக்கும்போதெல்லாம் இருமினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் சாப்பாட்டைத் துப்பினால், அதுவும் பல நேரம் விழுங்க முடியாத பயத்தால்தான்.

இல்லத்தில் ஒரு மாதம் விடுவது பாவமா? பாவமில்லை. மறுபடியும் தெரசம்மாளின் வீட்டுக்கே வருகிறேன். அவருடைய அப்பா லூயி மார்ட்டினுக்குக் கடைசிக் காலத்தில் பக்கவாதமும் மனக்குழப்பமும் வந்தன. வீட்டைவிட்டு வெளியே போய் அலைய ஆரம்பித்தார். 1889 பிப்ரவரியில் அவரைக் கான் நகரில் இருந்த மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று வருடம் அங்கேதான் இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. 1892இல் கால்கள் முழுதாக விழுந்து, இனி அலைய மாட்டார் என்ற நிலையில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவரைப் பார்த்துக்கொண்டவர் மகள் செலின். செலினுக்கும் கார்மேல் மடத்துக்குப் போக ஆசை. அப்பாவுக்காக அதைத் தள்ளிப்போட்டார். 1894 ஜூலையில் அப்பா இறந்த பிறகுதான், செப்டம்பரில் மடத்துக்குள் நுழைந்தார். அந்த அப்பாவும் அவர் மனைவியும் 2015இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பம் அவரை மருத்துவமனையில் விட்டதும் அன்பினால்தான், வீட்டுக்கு அழைத்து வந்ததும் அன்பினால்தான். எது அன்பு என்பதை அந்தந்த நேரத்தில் அவருக்கு என்ன தேவை, பார்த்துக்கொள்கிறவர்களால் என்ன முடியும் என்பதுதான் முடிவு செய்தது.

ஆகவே விடுங்கள். விடுவதற்கு முன் நீங்களே போய் அந்த இல்லத்தைப் பாருங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்று கேளுங்கள், படுத்திருப்பவர்களின் குதிகாலைப் பாருங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் எப்படி ஊட்டுகிறார்கள் என்று பாருங்கள். தோள் விஷயத்தை எழுதிக் கொடுங்கள். மாமியாரிடம் ஒளிக்காமல், எத்தனை நாள், எப்போது கூட்டிக்கொண்டு வருவேன் என்று காலண்டரைக் காட்டிச் சொல்லுங்கள். அவர் அழுவார். நீங்களும் அழுவீர்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து தூங்குங்கள். முதல் வாரம் வீட்டைச் சுத்தம் செய்கிற வேலையைத் தொடவே வேண்டாம்.

பூசை விஷயம் சுலபமானது. தனியே விட்டுவிட முடியாத நோயாளி வீட்டில் இருக்கும்போது ஞாயிறு பூசைக்கு வர வேண்டும் என்ற கடன் உங்களைக் கட்டுப்படுத்தாது. இது புதிதாக வந்த சலுகை இல்லை. ஜெப நேரத்தில் ஒரு ஏழைக்கு மருந்து கொண்டுபோக வேண்டியிருந்தால் மன அமைதியோடு எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே வின்சென்ட் தே பவுல் தம் சகோதரிகளுக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் பூசையில் வாங்குகிற நற்கருணை அப்பம் இல்லாமல் இருக்காதீர்கள். பங்குத்தந்தையிடம் சொன்னால் அவரோ நற்கருணைப் பணியாளரோ வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். மாமியாருக்கு மிகச் சிறிய துண்டு போதும், நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அவரோடு நீங்களும் நற்கருணை வாங்குங்கள். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன் சாப்பிடக் கூடாது என்ற விதியில், திருச்சபைச் சட்டம் 919 முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்குக் கொடுக்கிறது. அதே வரியில், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கொடுக்கிறது. சட்டம் எழுதியவர்கள் உங்களைப் போன்றவர்களை மறக்கவில்லை என்று அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

கடைசியாக ஒன்று, இன்று ராத்திரியே செய்து பார்க்கக்கூடியது. பேச்சுப் போனவர்களில் பலருக்கு, சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஜெபமும் பாட்டும் தங்கியிருக்கும். சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர்கள்கூட அதை வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் மாமியாருக்கு 74 வயது என்கிறீர்கள். நாம் இப்போது சொல்கிற 'அருள் நிறைந்த மரியே' அவர் குழந்தையில் கற்றதாக இருக்காது. 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்ற பழைய மந்திரத்தைத்தான் அவருடைய அம்மா மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார். உங்களுக்கு முழுதாகத் தெரியாவிட்டால் தெருவில் யாராவது பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பாடகர் குழுவில் இருந்தவர், குரல் இருக்கிறது. ராகமாகவே சொல்லுங்கள். முதல் வரியைத் தொடங்கிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டே காத்திருங்கள், அவசரமே இல்லை. ஒரு வாரம் ஒன்றும் வராமல் போகலாம், விட்டுவிடாதீர்கள்.

என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். தோள் எப்படி இருக்கிறது என்பதையும்.

அன்புடன்,
உங்கள் அக்கா